நான்காம் மாடிக்கு வந்த ஆறு

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறவர்களின் புத்தகங்களில் அரசர்கள் வருவார்கள், அவர்கள் எழுப்பிய கோபுரங்கள் வரும், கோபுரத்தடியில் இளநீர் விற்றவனின் சிரிப்புகூட வரும். வழிகாட்டி வருவான், விமானத்தில் பக்கத்து இருக்கையில் குறட்டை விட்டவர் வருவார், தொலைந்துபோய்க் கிடைத்த குடைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கும். வராதவள் ஒருத்தி மட்டும்தான், அந்தக் கூட்டத்தோடு அதே விமானத்தில் ஏறி, அதே ஊரில் இறங்கி, மூன்று வேளையும் அவர்களுக்குச் சோறு வடித்துப் போட்ட சமையல்காரி. அவள் பெயர் சங்கரவடிவு. பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

பாளையங்கோட்டை கோமதிநாயகம் ஆண்டுக்கு இரண்டு முறை ஓய்வுபெற்ற பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு தமிழர் பெருமை காணக் கடல் கடந்து போவார், போகுமுன் அடிக்கிற நோட்டீசில் கோயில் படத்துக்குக் கீழே கோயிலைவிடப் பெரிய எழுத்தில் ‘சுத்த சைவச் சாப்பாடு, நம் ஊர்க் கைப்பக்குவம்’ என்று போடுவார், அந்தக் கைப்பக்குவத்துக்கு ஓர் உடம்பும் இரண்டு காலும் இரண்டு கண்ணும் உண்டு என்பதை மட்டும் போடமாட்டார். சைவம் கெடாமல் இருபது பேர் உலகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருத்தி உலகத்தைப் பார்க்காமல் இருந்தாக வேண்டும். சங்கரவடிவு அப்படித்தான் கீழ்த்திசை நாடுகளை எல்லாம் சுற்றி வந்திருந்தாள். கோலாலம்பூர் அவளுக்கு ஒரு பச்சைத் தரை ஓடு. பாங்காக் என்பது விரிசல் விட்ட கைகழுவு தொட்டி. பாலித் தீவு என்றால் தண்ணீர் நிற்காத ஒரு குளியல் தொட்டியும் அதில் அவள் ஊறப்போட்ட கொண்டைக்கடலையும். ஏனென்றால் ஓட்டல் அறைகளில் சமைக்கக் கூடாது என்பது எல்லா நாட்டிலும் சட்டம், ஆகவே சமையல் எல்லா நாட்டிலும் குளியலறையில் நடந்தது. கூரையில் புகையை மோப்பம் பிடிக்கிற கருவிக்கு, குளிக்கும்போது தலை நனையாமல் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டு, மின்சார அடுப்பைக் கழிவறை மூடியின்மேல் வைத்து, நல்ல குலத்தில் பிறந்த நாக்குகளுக்கு அவள் சாம்பார் கொதிக்கவைத்தாள். அவர்கள் அதைச் சாப்பிட்டார்கள். எந்த இடத்தில் கொதித்தது என்று கேட்காமல் இருப்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

கம்போடியாவுக்கு வர அவள் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டாள். முதல் நாள், தலைநகரம் புனோம் பென்னில், அவளும் மற்றவர்களோடு வேனில் ஏறி ஊரைப் பார்க்க வேண்டும். பகல் சாப்பாட்டை அன்றைக்கு ஒரு நாள் எங்கேயாவது பார்த்துக்கொள்ள வேண்டும். நெல்லையப்பர் சாட்சியாக ஆகட்டும் என்று கோமதிநாயகம் தலையை ஆட்டியிருந்தார். ஒரே ஒரு பகல். மறுநாள் விடியற்காலையில் கூட்டம் அங்கோர் கோயில்களுக்குப் புறப்படுகிறது, அதன்பின் இந்த ஊர் கிடையாது. அந்தப் பகலுக்காக அவள் ஊரிலிருந்து அரக்குக் கலரில் ஒரு சேலை எடுத்து வந்திருந்தாள், முதல் நாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கோமதிநாயகம் அறை வாசலில் நின்று அந்தச் சேலையைப் பார்த்தார். “வடிவு, ஒரு சின்ன சிக்கலு.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“திரிபுரசுந்தரி மேடம் வீட்டுக்காரருக்குச் சுகரு. பன்னெண்டரைக்குச் சூடா சோறு போடலன்னா மனுஷன் மயங்கிருவாரு. இங்க கடையில எல்லாத்துலயும் மீன் தண்ணி ஊத்துதானாம். நீ நாளைக்கு வாயேன்.”

“நாளைக்குத்தான் ஊரைவிட்டுப் போறமே.”

“அங்க இதைவிடப் பெருசா பாக்கலாம்ங்கேன்.”

“அங்க போயி அடுத்த ஊருல இதைவிடப் பெருசும்பீய. அண்ணாச்சி, நீங்க வாக்கு குடுத்தீய.”

“குடுத்தேன். இல்லங்கலையே. சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்குல்லா? நீ படிச்சவங்க மாதிரி யோசிச்சுப் பாரு,” என்றார் கோமதிநாயகம், படித்தவர். பிறகு கதவுச் சாவி அட்டையில் ஒன்றைச் சுவரில் இருந்த பொந்தில் சொருகிவிட்டு மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த ஓட்டலில் யாரையும் உள்ளே வைத்துப் பூட்ட முடியாது. பூட்டத் தேவையும் இல்லை. சுவரில் இருக்கிற அட்டையை எடுத்தால் மின்சாரம் போகும், அடுப்பு அணையும்; எடுக்காமல் வெளியே போனால் கதவு தானே சாத்திக்கொள்ளும், திரும்ப உள்ளே வர வழியில்லை; பாஸ்போர்ட் கோமதிநாயகத்தின் தோள்பையில். இப்படி ஒரு கயிறும் இல்லாமல் ஒருத்தியைக் கட்டிப்போடுகிற நாகரிகம் எந்தக் கோபுரத்தைவிடவும் நுட்பமானது, அதைப் பற்றியும் யாரும் எழுதியதில்லை.

அவள் பருப்பைப் போட்டாள். சேலையை மாற்றவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து முருங்கைக்காயை நறுக்கினாள். சன்னல் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி இருந்தது, சுவரில் ஒரு குழாய் இருந்தது. கோபம் என்பது அவளுக்கு அழுகையாக வருகிற வழக்கம் இல்லை, கத்திப் பிடியில்தான் வரும். முருங்கைக்காய் அன்றைக்கு மிகச் சிறிதாகத் துண்டானது.

பத்து மணிவாக்கில் ஆறு வந்தது.

தொன்லே சாப் என்று அந்த ஆற்றுக்குப் பெயர். ஆண்டில் பாதி நாள் அது பெரிய ஏரியிலிருந்து இறங்கி நகரத்தின் ஓரமாகத் தெற்கே ஓடும். மழைக்காலத்தில் மேகாங் நதி பெருத்து நெட்டித் தள்ளினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வடக்கே ஏரிக்குத் திரும்பி ஓடும். மழை ஓய்ந்ததும் மறுபடி திரும்பும், திரும்புகிற நாளுக்கு ஊரே கூடிப் படகுப் பந்தயம் விடும். இப்படி ஆண்டாண்டாகத் திரும்பிப் பழகிய ஆறு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியது, அவ்வளவுதான். கரைச்சாலையைக் கடந்தது, கடக்கும்போது போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். மருந்துக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே போகிற சந்தில் ஒடுங்கி நுழைந்தது. ஓட்டல் வரவேற்பறையில் இருந்த பெண் கைகூப்பி வணங்கி லிஃப்ட் இருக்கிற பக்கத்தைக் காட்டினாள், ஆறு படிக்கட்டு வழியாகவே போகிறேன் என்பதுபோலப் படியேறியது.

படிக்கட்டில் தண்ணீர் ஏறுகிற சத்தமும் அதன் பின்னால் ஒரு படகின் ஊதல் சத்தமும் கேட்டு சங்கரவடிவு கதவைத் திறந்தாள். ஆறு நிலைப்படிக்கு வெளியே நின்றது. நடைக்கூடத்தின் நீளத்துக்கும் பழுப்பாக, ஆகாயத்தாமரைக் கொத்துகளோடு, சேறும் மீனும் கலந்த வாடையோடு, கூப்பிடாமல் உள்ளே வரத் தயங்குகிற உறவுக்காரரைப்போல நின்றது. வாசலில் வந்து நின்றவரை வா என்று சொல்லாமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“வாங்க, உள்ள வாங்க,” என்றாள். “கால் வைக்க இடமில்ல. கட்டில் பூராவும் சாமானாக் கெடக்கு.”

ஆறு வந்தது. கட்டில்கள் மெல்ல எழும்பி மிதந்தன, அரிசி மூட்டை மிதந்தது, குளியலறை நிலைப்படி வரைக்கும் தண்ணீர் நின்றது, பருப்பு கொதித்துக்கொண்டே இருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் ஆற்றில் விட்டாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு மீன் வந்து குதிகால் வெடிப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

அந்தத் தளத்தில் அறை துடைக்கிற சந்தூ வாளியும் துடைப்பமுமாக வந்தாள். அவளும் வடிவும் முந்தின நாள் இரவிலிருந்தே கூட்டாளிகள். தாளிப்பு வாசனை நடைக்கூடத்தில் பரவியபோது சந்தூதான் இன்னும் இரண்டு பிளாஸ்டிக் தொப்பிகளைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனவள். இப்போது அவள் ஆற்றைப் பார்த்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கால்களையும் தண்ணீரில் விட்டாள். பிறகு வடிவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஆற்றைக் காட்டி, தன் மொழியில் என்னவோ சொன்னாள். உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது என்று சொன்னதாக வடிவு எடுத்துக்கொண்டாள், அது சரியாகவும் இருந்தது.

ஆறு போன இடத்துக்கு ஊர் போகும். முதலில் மீன்காரர்கள் வந்தார்கள், வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார்கள், எந்த மாடி என்று மட்டும் கீழே விசாரித்துக்கொண்டார்கள். தாமரைக்காய் விற்கிறவர்கள் நடைக்கூடத்தில் அறைக்கொரு படகாக நிறுத்தினார்கள். பிட்சை ஏற்கிற துறவிகள் காவித் துணியைச் சுருட்டிப் பிடித்தபடி ஓடத்தில் வந்து கதவு கதவாக நின்றார்கள். பந்தயத்துக்குப் பழகுகிற நீண்ட படகொன்று முரசு அடித்துக்கொண்டு படியேறி வந்தது, நடைக்கூடம் நீளம் போதாமல் பனிக்கட்டி இயந்திரத்தருகே திரும்பமுடியாமல் திணறியது, துடுப்புக்காரர்கள் சிரித்துவிட்டு அப்படியே பின்வாக்கில் துழாவிப் போனார்கள். ஓட்டல் மேலாளர் வந்தார். அறைக்கு இரண்டு பேருக்குமேல் தங்கக்கூடாது என்பது விதி. ஆற்றை ஒருவராகக் கணக்கில் கொள்வதா, அதில் இருக்கிற மீன்களையும் சேர்ப்பதா என்று சமையற்கட்டு ஆட்களும் காவலாளியும் அவரும் சேர்ந்து ஆலோசித்தார்கள். இந்த அறையில் பதிவானவர் ஒருவரே, ஆறு ஒன்றே, ஆக விதி மீறப்படவில்லை என்று முடிவு சொல்லிவிட்டு, மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு தாமரைக்காய் வாங்கினார். குளியலறையில் அடுப்பு எரிவதைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளி வந்த வீட்டில் அடுப்பு எரிவது இயல்பு என்று நினைத்திருக்கலாம்.

அந்த நேரத்தில் கோமதிநாயகத்தின் கூட்டம் கரையோரத்தில் வெற்றுப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அங்கே நடந்ததை வழிகாட்டி ரத்தனா பின்னால் வடிவிடம் நடித்தே காட்டினான். பல தமிழ்க் கூட்டங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் அவனுக்குத் தமிழ் கொஞ்சம் ஒட்டியிருந்தது, பெரும்பாலும் அவசரத்தையும் சாப்பாட்டையும் பற்றிய தமிழ். ஈரச் சேற்றில் ஊர்க்காரர்கள் இறங்கி நடந்து, எப்போதோ தவறவிட்ட செருப்பையும் நங்கூரத்தையும் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் மேகாங் நதி, போன தங்கச்சி வரட்டும் என்பதுபோல, தன் பாட்டுக்கு ஓடியது.

“எங்கவே ஆறு?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

“ஆறு வெளியே போச்சு சார்.”

“எப்ப வரும்?”

“சாப்பாடு முடிஞ்சா வரும் சார்.”

“ஆத்துல படகுச் சவாரின்னு நோட்டீஸ்ல போட்டிருக்கேன்வே! ஆளுக்கு ஆள் கேப்பாங்கள்லா?”

“நம்ம ஓட்டல்ல சவாரி இருக்கு சார். நாலாவது மாடி.”

ஆகப் பன்னிரண்டரைக்கு, சூடான சோற்றுக்கும் ஆற்றுக்கும் சேர்த்து, அவர்கள் படகேறி நான்காம் மாடிக்கு வந்தார்கள். ஆச்சரியம் அவர்களையும் அதிக நேரம் பிடித்துவைக்கவில்லை; வியப்பைவிட உரிமை கொண்டாடுவதில் ருசி கண்ட இனம். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை திரிபுரசுந்தரி, பயண நூல்கள் எழுதுகிறவர், படகில் எழுந்து நின்று, கரிகாலன் காலத்திலிருந்து தமிழனை நீர் தேடித்தான் வந்திருக்கிறது என்றார். பொதுப்பணித்துறையில் அணை கட்டிய ஒருவர், தண்ணீருக்குத் தன் வாடை தெரியும் என்றார். இன்னொருவர் காவிரிதான் மாறுவேடத்தில் வந்திருக்கிறது என்றார், அதற்கு அணைக்காரர், காவிரி வருவதானால் முதலில் தஞ்சாவூருக்கு வரட்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டில்மேல் உட்கார்ந்திருந்த சந்தூ என்னவோ சொன்னாள். ரத்தனா அதைத் தமிழாக்கினான்.

“இவ சொல்றா, ஆறு உங்களுக்கு வரலையாம். சமையல் அக்காவுக்கு வந்துச்சாம்.”

அதற்கும் சிரித்தார்கள். முன்னதைவிட நன்றாகவே சிரித்தார்கள்.

“வடிவக்கா, உன்னைத் தேடி ஆறு வந்திருக்காம்ல! சாம்பாருக்குத் தண்ணி பத்தலையோ?” என்றார் அணைக்காரர்.

பேராசிரியை ஒரு யோசனை சொன்னார். வந்த ஆற்றை முறைப்படி ஆரத்தி எடுத்து வரவேற்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் வடிவிடம் இருந்தன, கேட்டார்கள், கொடுத்தாள், தாம்பாளம் கேட்டார்கள், ரசம் மூடியிருந்த தட்டைக் கழுவிக் கொடுத்தாள், நிறம் கூடவில்லை என்றார்கள், அவளே விரலை விட்டுக் கலந்து, ரத்தச் சிவப்பாக வந்ததும் கொண்டுவந்தாள். தட்டோடு அவள் ஆற்றின் முன்னால் நின்றபோது கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

“வடிவு, தட்டை மேடம் கையில குடு.”

கொடுத்தாள்.

“நீ கொஞ்சம் உள்ள போயி நின்னுக்க, என்ன? சுமங்கலிங்க எடுக்கட்டும். நல்ல காரியம் பாரு. எனக்கு இதெல்லாம் நம்பிக்கை கிடையாது, மத்தவங்க மனசு கோணக்கூடாதுல்லா.”

வடிவு பேராசிரியையைப் பார்த்தாள். பெண் விடுதலையைப் பற்றி மேடைதோறும் முழங்கிய அந்த அம்மாள் கற்பூரத்தைப் பற்றவைக்கிற வேலையில் மும்முரமாக இருந்தார். நிமிர்ந்தால் கண்ணைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்பதால் கற்பூரம் பற்றிக்கொள்ள நேரம் எடுத்தது.

சங்கரவடிவு குளியலறைக்குள் போனாள். யாரோ கதவைச் சாத்தினார்கள், மரியாதையாகத்தான் சாத்தினார்கள்.

உடனே ஆறும் போனது. கதவுக்கு அடியில், நிலைக்கும் கதவுக்கும் நடுவே, சாவித்துளையில் என்று கிடைத்த வழியில் எல்லாம் அது குளியலறைக்குள் புகுந்தது. நடைக்கூடத்தில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாகத் தரைவிரிப்பில் உரசி உட்கார்ந்தன. கட்டில்கள் தொப்பென்று இறங்கின. கரையில் போட்டதுபோல நாலு மீன்கள் பேராசிரியையின் காலடியில் துள்ளின. சுமங்கலிகள் ஆரத்தித் தட்டோடு உலர்ந்த விரிப்பின்மேல் நின்றார்கள். கற்பூரம் எரிந்து முடிந்தது.

மீன்காரர்கள் படகில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஆறு என்றால் போகும், வரும். துறவிகளில் மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருக்கத் தெரியாதவர்கள் ஒரே ஒரு கூட்டத்தார்தான். அவர்கள் சார்பில் கோமதிநாயகம் குளியலறைக் கதவைத் தட்டினார்.

“வடிவு, ஆத்தை வெளிய விடு.”

“நான் புடிச்சா வச்சிருக்கேன்?” உள்ளிருந்து குரல் வந்தது.

“விளையாடாத. எல்லாரும் நிக்காங்க.”

“நான் இத்தனை நாடா நின்னேன்.”

“சரி, படம் எடுக்கையில நீயும் ஓரமா நின்னுக்க. போதுமா?”

உள்ளே தண்ணீர் சுழல்கிற சத்தம் கேட்டது.

“நடுவுலயே நில்லு. மேடம் பக்கத்துல.”

“எனக்குப் படம் வேண்டாம் அண்ணாச்சி. ஊரைப் பாக்கணும். நீங்க வாக்கு குடுத்த ஊரு. இன்னிக்கு.”

“சாப்பாடு யாரு போடுவா?”

“போடத் தெரிஞ்சவங்க இருபது பேரு இருக்கீய.”

கோமதிநாயகம் அப்போதுதான் கடைசி ஆயுதத்தை எடுத்தார், அவர் வர்க்கத்தாரிடம் அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தோள்பையைத் தட்டிக் காட்டினார், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரியாது என்பதை மறந்து. “ஏளா, பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. ஞாபகம் வச்சுக்க. அது இல்லாம நீ இந்த நாட்டுல ஆளே கெடையாது.”

கதவு திறந்தது. அவள் இடுப்பளவு ஆற்றில் நின்றாள், அரக்குச் சேலை நனைந்து கறுத்திருந்தது, அடுப்பு அணைந்திருந்தது. தண்ணீர் அணைக்கவில்லை, அவள் அணைத்திருந்தாள்.

“வச்சுக்கிடுங்க,” என்றாள். “அதுல என் படந்தான் இருக்கு. நான் இங்க இருக்கேன்.”

ஆறு அவளைச் சுமந்துகொண்டு வெளியே வந்தது. தாமரைக்காய் விற்கிற போப்பா என்பவள் துடுப்பை நீட்டினாள், வடிவு அதைப் பிடித்து அவள் படகில் ஏறினாள், சந்தூ வேலைநேரம் முடியவில்லை என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அவளும் ஏறினாள். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக எழும்பின. கூட்டத்தில் பலருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது, ஆறு புறப்படுகிறது.

“வடிவு! சாம்பாரு?” என்று கத்தினார் கோமதிநாயகம்.

“கொதிச்சுக் கெடக்கு. இறக்கணும். இறக்கத் தெரியும்லா?”

பேராசிரியை தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் இரண்டடி ஓடி வந்தார். ஒரு கணம் அவர் முகத்தில் வெறும் ஆசை மட்டும் இருந்தது, படிப்பு பட்டம் ஒன்றும் இல்லை. “வடிவு, ஒரு ஆளுக்கு இடமிருக்குமா? நான் எழுதணும். இதை எல்லாம் எழுதணும்.”

இடம் இருந்தது. இரக்கம் காட்டியிருக்கலாம் என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் சிலர் சொல்வதுண்டு. இரக்கம் காட்டச் சொல்லி யாரிடம் எப்போது கேட்கிறார்கள் என்று கவனித்தால் உலகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

“மேடம், நீங்க வேன்ல வாங்க,” என்றாள் வடிவு.

இனி அவள் பார்த்த ஊர். ஆறு அவளை அவசரமில்லாமல் கொண்டுபோனது, கரை என்று ஒன்றுக்குள் அடைந்து கிடக்கிற நாட்களில் தானும் பார்க்காத தெருக்களைப் பார்க்க வந்தது போலக் கொண்டுபோனது. மஞ்சள் கூம்புபோல எழுந்து நிற்கிற பெரிய சந்தைக்குள் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறினார்கள், துணிக்கடைக்காரிகள் கீழ் அடுக்குத் துணியை மேலே தூக்கிவைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். ஓர் ஆரம்பப் பள்ளியின் வாசலில் பிள்ளைகள் சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நீந்தினார்கள். அரண்மனையின் பொன் கூரைகளுக்கு முன்னால் காவலாளி, படகை இங்கே நிறுத்தக்கூடாது என்று சைகை செய்தான், எல்லோருக்கும் செய்வதைப்போலவே அவளுக்கும் செய்தான். அந்தச் சமத்துவம் அவளுக்குப் பிடித்திருந்தது. நகரத்துக்குப் பெயர் கொடுத்த குன்றைச் சுற்றி வந்தார்கள். ஆற்றில் மிதந்து வந்த மரத்தைக் கரைக்கு இழுத்து, அதற்குள் புத்தர் சிலைகளைக் கண்டெடுத்து, மண்ணைக் குவித்துக் கோயில் கட்டிய பென் என்ற பணக்காரக் கைம்பெண்ணுடைய குன்று அது என்பதைச் சந்தூ கையாலும் முகத்தாலும் சொன்னாள். கைம்பெண் என்பதைச் சொல்ல அவள் தன் பக்கத்தில் ஒரு காலி இடத்தைக் காட்டினாள். வடிவு தன் பக்கத்திலும் அதே இடத்தைக் காட்டினாள். போப்பா துடுப்பை விட்டுவிட்டுத் தன் பக்கத்திலும் காட்டினாள். மூவரும் சிரித்துப் படகு ஆடியது, இத்தனை காலி இடம் இருக்கும்போது காலை நீட்டிக்கொண்டால் என்ன என்று நீட்டிக்கொண்டார்கள்.

மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் வாட்டிய சோறு ஒன்றைப் போப்பா உரித்துக் கொடுத்தாள். பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வெந்த பசைச் சோறு, மீன் தண்ணீர் ஒன்றும் அதில் இல்லை. சங்கரவடிவு மென்றாள். இன்னொருத்தி சமைத்து, இன்னொருத்தி உரித்து, தன் கையில் வைத்த சோற்றை அவள் எத்தனை காலத்துக்குப் பிறகு தின்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு எட்டவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கோபம் முழுதாக வந்தது. குளியலறையில் வந்தது பாதிதான். கூரைகளும் மரங்களும் மனிதர்களுமாக ஊர் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு எளிதாக, ஒரு படிக்கட்டுத் தூரத்தில் இருந்திருக்கிறது. அத்தனை ஊரும் அப்படித்தான் இருந்திருக்கும், பச்சைத் தரையோட்டுக்கு அந்தப் பக்கம். அவள் மூங்கில் பட்டையை ஆற்றில் வீசினாள். வாயில் வந்த அத்தனை வசவையும் திருநெல்வேலித் தமிழில், பெயர் பெயராக, வம்சம் வம்சமாகச் சொல்லித் தீர்த்தாள். மற்ற இருவரும் ஒரு சொல் விளங்காமல், எல்லாம் விளங்கி, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பொழுது சாய்கையில் ஆறு தன் பள்ளத்துக்குப் போய்ப் படுத்தது. வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்று பார்க்கக் கரையில் கொஞ்சம் கூட்டம் நின்றது, தெற்குதான் என்று உறுதியானதும் கலைந்தது. நான்காம் மாடியின் விரிப்பை எடுத்துக் காயப் போட்டார்கள்.

சங்கரவடிவு இரவு அறைக்குத் திரும்பினாள். மறுநாள் முதல் காலையும் இரவும் மட்டும் சமைத்தாள், பகலில் அடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டாள். கூட்டம் பகலில் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றது, சுகர்காரர் மயங்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கோமதிநாயகம் விமான நிலையத்தில் நீட்டினார். ஊருக்கு வந்தபின் அவர் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் சொன்னார், அதன்பிறகு எந்தப் பயணக் கூட்டமும் அவளைக் கூப்பிடவில்லை. எடுத்தெறிந்து பேசுகிறவள் என்று கல்யாண வீடுகளிலும் கரண்டியைக் கொடுக்க மறுத்தார்கள்; இரண்டு ஆண்டு பாத்திரம் தேய்த்தாள். பிறகு நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில், வாரம் ஒரு நாள் விடுமுறை என்று பேசி முடித்த பின்னரே, சமையலுக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கோடையில் விடுதி மூடியதும் தனியாக ரயிலேறி ஏதாவது ஓர் ஊருக்குப் போகிறாள். மைசூர் பார்த்தாள், பூரி பார்த்தாள், போன ஆண்டு காசி பார்த்தாள். போன ஊரில் கடையில் சாப்பிடுகிறாள். சாப்பிட்ட தட்டை அவள் கழுவுவதில்லை.